கருவாட்டுக்காரி கேட்ட சந்தேகம்

எங்கள் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல்கள் மிளகு மணக்க வந்து நின்ற காலம் அது. ஐந்து தீவு ராஜாக்களோடு நட்பு ஒப்பந்தம் போடப் பேரரசின் தூதர் வந்து இறங்கினார். அவர் நாட்டு மாலுமிகளிடம் கருவாடு விற்றே அவர்கள் பாஷையைக் கற்றிருந்த அஞ்சலையை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

தூதர் மீசையை முறுக்கினார். "ஒரு சொல் மாறினாலும் உன் தலை இருக்காது!"

ஒப்பந்தம் இரண்டே வரி. முதல் வரி கடலைக் காவல் காப்பது. அடுத்தது முத்து எடுப்பது.

அஞ்சலை படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள். "தொரை, ரெண்டு வரியிலயும் ஒரே சொல்லைப் போட்டிருக்கீங்க. எங்க பாஷையில அதுக்கு ரெண்டு சொல் இருக்கு. எதிர்ல இருக்கிறவங்களையும் சேர்த்துக்கிட்டா 'நாம்'. சேர்க்கலைன்னா 'நாங்கள்'. காவல் காக்கிறது யாரு?"

"எல்லோரும்தான்! 'நாம்' என்று எழுது."

"முத்து எடுக்கிறது?"

ஐந்து ராஜாக்களும் தூதரின் வாயையே பார்த்தார்கள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அதுவும்... நாம்தான்."

"சரிங்க தொரை. ஒரு சொல்லும் மாறாம எழுதிடறேன்."

அந்தப் பேரரசும் இப்போது இல்லை, முத்தும் இல்லை. ஆனால் யாராவது தோளில் கைபோட்டு, "சேர்ந்து செய்வோம்" என்றால், எங்கள் தீவுக்காரர்கள் இன்றும் முதலில் கேட்பது இதுதான்: "நாமா, நாங்களா?"