ஆடுகிற மேசை

கல்லூரித் தொழில்முனைவுப் போட்டிக்கு எல்லாரும் ட்ரோன், ரோபோ என்று கொண்டுவந்தார்கள். மெக்கானிக்கல் மாணவி இசக்கியம்மாள் கொண்டுபோனது, ஆடுகிற மேசைக்கு முட்டுக்கொடுக்கும் ரப்பர் கட்டை. திருகினால் உயரும்.

நாலு ஆலைக்கு முதலாளியான நடுவர் மாசிலாமணி உதட்டைப் பிதுக்கினார். "இதை எவன் வாங்குவான்? ஒரு நிமிஷத்துல இந்த அரங்கத்துல ஒரே ஒரு ஆளைக் காட்டு, பரிசு உனக்குத்தான்."

இசக்கி எங்கும் ஓடவில்லை. நேராக அவர் மேசைக்குப் போய்க் குனிந்து, ஆட்டம் நிற்க அவரே காலையில் மேசைக்கால் அடியில் மடித்துச் செருகியிருந்த காகிதத்தை உருவினாள். மேசை ஆடியது, காபி தளும்பியது. கட்டையை வைத்துத் திருகினாள். மேசை மலைபோல நின்றது.

"வாங்குற ஆள் நீங்கதான் சார்."

அரங்கம் கைதட்டியது. இசக்கி காகிதத்தைப் பிரித்து, சுருக்கம் நீவி, அவர் முன்னால் வைத்தாள். அவளுடைய திட்ட அறிக்கை.

"இனிமே இதைப் படிக்கலாம் சார்."