எடை தெரியாத பை

நான்கு நாள் மலையேற்றத்துக்குப் பை வாங்க, மில் முதலாளி சுந்தரவடிவேலு நண்பர்களோடு அடிவாரக் கடைக்கு வந்திருந்தார். சுமை தூக்கும் வீரணனும் கூட வந்திருந்தான். போன பருவத்தில் இவர் சுமையைத் தூக்கித்தான் அவன் தம்பிக்கு இடுப்பு போனது.

"அடுப்பு, நாற்காலி, பாட்டில் எல்லாம் ஒரே பையில அடங்கணும்; எடையும் தெரியக்கூடாது. அப்படி ஒண்ணை எடுடா. இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்," என்றார் முதலாளி வீரணனிடம்.

வீரணன் இருப்பதிலேயே பெரிய பையை எடுத்தான். வாங்குமுன் எடை பார்க்கக் கடையில் வைத்திருந்த மணல் மூட்டைகளை அதில் அடைத்தான்.

"மாட்டிப் பாருங்க ஐயா."

"தூக்கப்போறது நீதானே? நான் எதுக்குடா மாட்டணும்?"

"அப்ப நீங்க கேட்ட பை இதேதான். மலையையே உள்ள வச்சாலும் உங்களுக்கு எடை தெரியாது."

நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். ரோஷத்தில் முதலாளி பையை மாட்டிக்கொண்டு கடையின் மாடிப்படி ஏறினார். பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பையா போடுப்பா," என்றார் மூச்சிரைக்க. "ஆளுக்கு ஒண்ணு."

இரண்டாவது பையின் வாரை வீரணனே முதலாளியின் தோளுக்கு அளவு பார்த்து இறுக்கினான். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினான்.