ஒரே சாதியில் இரண்டு பேர்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது கடும் பிழை. திருத்தாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. மலையடிவாரத்து மடத்துக்கு விருந்தாக வந்த நல்லபெருமாள் மூன்று மாதமாக அங்கேதான் இருந்தார். அவர் பையில் வந்த மருந்தும் அவரோடு இருந்தது.

நல்லபெருமாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வாசல் பலகையில் தம் பெயருக்குப் பின்னால் இருந்த சாதியைச் சுரண்டி எடுத்தவர். அதற்காக அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்தினார்; வீடும் போயிற்று. மடத்தின் குரு வடிவாம்பாள் அவரைவிட இருபது வயது இளையவர். முன்பு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவர்.

வந்த அன்றே நல்லபெருமாள் கேட்டார்: "இங்கே சாதி பார்ப்பது உண்டா, அம்மா?"

"ரசம் ஆறுகிறது, ஐயா. உட்காருங்கள்."

அந்தப் பதிலுக்காகத்தான் சீடரானார்.

ஒரு நாள் காலை கூடத்தைக் கடக்கும்போது தலை சுற்றியது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். சுவரைப் பிடித்து நின்றார். உள்ளே குரு தொலைபேசியில் பேசுவது கேட்டது.

"பெயர் கிடக்கட்டும். பெயர் ஆளுக்கொன்று வைப்பார்கள். என்ன சாதி, அதைச் சொல்லுங்கள்."

நல்லபெருமாள் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"நினைத்தேன். உள்ளே ஏற்கெனவே அதே சாதியில் ஒருத்தன் இருக்கிறான். ரெண்டு பேரும் சேர்ந்தால் இடமே நாசம். இவனை இன்றைக்கே வெளியே அனுப்புகிறேன்."

சாதி என்ற சொல் முதல் அடி. 'இவன்' என்ற ஒருமை இரண்டாவது. ஆயுள் முழுக்க இலக்கணம் நடத்தியவருக்கு எந்த அடி பலமானது என்று தெரியவில்லை. வேட்டிகளைப் பையில் திணித்தார்.

வாசலில் குரு எதிரே வந்தார்.

"எங்கே, ஐயா?"

"நீங்கள் அனுப்புவதற்கு முன்னால் நானே போகிறேன். இன்னும் எதற்கு ஐயா? 'இவன்' என்றே சொல்லலாமே!"

குரு ஒரு கணம் விழித்தார். பிறகு கையை நீட்டினார். "பையைக் கொடுங்கள்."

"சோதனை வேறா?"

குரு பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். மடியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். "இது நேற்று நீங்கள் சாப்பிட்ட இடத்தில் கிடந்தது."

"அது பல்வலிக்கு. போன வாரம் பஸ் நிலையத்துக் கடையில் வாங்கினேன். இது முழங்காலுக்கு, எங்கள் ஊர் டாக்டர் கொடுத்தது. அது வெள்ளை, இது சிவப்பு. பெயரில் ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்கள் முழங்கால் மாத்திரை எனக்குத் தெரியும்; பல்வலி மாத்திரையின் பெயர்தான் புதிது. அதனால்தான் பழைய ஆஸ்பத்திரிச் சிநேகிதியைக் கூப்பிட்டு அதன் சாதியைக் கேட்டேன். ரெண்டும் ஒன்று. வலியை எடுக்கும், எடுத்த கையோடு இரைப்பையை அரிக்கும். ஒருத்தன் வந்தாலே சோறு போட்டுத்தான் வைக்க வேண்டும். நீங்கள் ரெண்டு பேரைக் குடிவைத்திருக்கிறீர்கள்."

நல்லபெருமாள் இரண்டு அட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"வெளிக்குப் போவது என்ன நிறம், ஐயா?"

"சீடனிடம் கேட்கிற கேள்வியா, அம்மா?"

"நிறம்."

"கறுப்பு. தார் மாதிரி. கேழ்வரகுக் களியால் என்று நினைத்தேன்."

"களி இல்லை ஐயா, உள்ளே கசிகிற ரத்தம்," என்ற குரு, "ஆட்டோவைக் கூப்பிடுங்கள்!" என்று அடுக்களைப் பக்கம் கத்தினார். அவர் கத்தி அந்த மடத்தில் யாரும் கேட்டதில்லை.

ஆட்டோ மலைச்சாலையில் குலுங்கியது. நல்லபெருமாள் கண்ணைத் திறக்காமல் கேட்டார்:

"அப்படியானால் சாதி பார்க்கத்தான் வேண்டுமா, அம்மா?"

"விழுங்குவதாக இருந்தால் பாருங்கள், ஐயா."

ஆஸ்பத்திரியில் அவருக்கு இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். பையின் மேல் வகை மட்டும் எழுதியிருந்தது. கொடுத்தவர் பெயர் இல்லை.