விண்கல்லைத் தடுத்த தலைவர்

"பேனரைக் கட்டலேன்னா உன் கடைக்குப் பூட்டுதான், இருளப்பா!" என்று கீழேயிருந்து கத்தினார் பேரூராட்சித் தலைவர் ரத்தினசபாபதி. கடை இருந்தது பேரூராட்சிக் கட்டடத்தில். கம்பத்து உச்சியில் கயிறும் கையுமாகத் தொங்கிக்கொண்டிருந்தான் இருளப்பன்.

வீட்டளவு விண்கல் ஒன்று பூமியில் மோதினாலும் மோதும் என்று டிவியில் ஒரு வாரமாகப் பயமுறுத்தினார்கள். நேற்று அது பாட்டுக்கு விலகிப் போய்விட்டது. தலைவர் விடுவாரா? ஒரு கையால் கல்லைத் தள்ளிக்கொண்டு மறு கையால் ஓட்டுக் கேட்பது போல் பேனர் அடித்துவிட்டார்.

"நெசமாவே நீங்கதான் தடுத்தீங்களாண்ணே?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டான் இருளப்பன்.

"பின்னே? என்னை மீறி வானத்துலேருந்து எதாச்சும் இந்த ஊர்ல விழுந்துருமா?"

"அப்போ இத்தனை வருஷமா மழை விழாமப் பாத்துக்கிட்டதும் நீங்கதானா?"

தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி காலிக் குடத்தைத் தலைக்கு மேல் ஓங்கினாள்.

"டேய், கடையை நீயே வெச்சுக்க! அந்தப் பேனரை இறக்குடா!" என்று ஓடிக்கொண்டே கத்தினார் தலைவர்.

இருளப்பன் இறக்கவில்லை. இன்னொரு முடிச்சை இறுக்கிப் போட்டான்.