கரிச்சானுக்குக் கொடுத்த குரல்

அந்தக் காலத்தில், உயிரெல்லாம் பேசித் திரிந்தபோது, தூரத்துக்குக் கேட்கிற பாட்டுக்குரல் ஈயிடம்தான் இருந்தது. கரிச்சான் குருவிக்கு வெறும் கிசுகிசுப்புதான். மாட்டுத் தொழுவத்தில் குடியிருந்த அந்த ஈக்கு ஒரே மகள். கண் சிவந்து பிறந்ததால் செவந்தி என்று பெயர். ஊர் சுற்றுவதில் மகா கெட்டி. பொழுது சாய்ந்ததும் ஈ உத்தரத்தில் உட்கார்ந்து பாடும். எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டே செவந்தி வீடு வந்து சேர்ந்துவிடும்.

ஒருநாள் காலையில் புங்கமரத்துக் கரிச்சான் வந்து நின்றது. ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, முகத்தில்தான் களையில்லை.

"அக்கா, இன்னிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க என்னைப் பாக்க வராங்க. பாடத் தெரியுமான்னு கேப்பாங்க. உன் குரலை இன்னிக்கு மட்டும் குடேன்."

ஈக்குப் பாவமாக இருந்தது.

"எடுத்துக்க தம்பி. பொழுது சாயறதுக்குள்ள குடுத்துடு. பிள்ளையைக் கூப்பிடணும்."

ஈயிடம் கரிச்சானின் கிசுகிசுப்புதான் மிஞ்சியது. கரிச்சான் பாடியது, சம்பந்தமும் கூடிவிட்டது. இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று அவர்கள் கேட்கக் கேட்க, அது தலைகால் தெரியாமல் பாடிக்கொண்டே இருந்தது. காத்துப் பார்த்த ஈ புங்கமரத்துக்கே போனபோது, பொந்துக்குள் மின்மினி விளக்கு எரிந்தது.

"விளக்கு வெச்சாச்சே அக்கா. சம்பந்தம் பேசின வீடு. இதுக்கு மேல எதையும் வெளிய குடுக்கக்கூடாது. காலையில நானே கொண்டு வரேன்."

"செவந்தி இன்னும் வரல தம்பி."

"வந்துடுவா."

ஈ தொழுவத்துக்குத் திரும்பிப் பறந்தது. கத்திக் கூப்பிடவும் குரலில்லை. எருமையின் காதிலும், நாயின் காதிலும், சாப்பிட உட்கார்ந்த மனிதர்களின் காதிலும் போய்ப் போய்க் கேட்டது: "எம்பிள்ளையைப் பாத்தீங்களா?" அவர்களுக்கு இறக்கைச் சத்தம்தான் கேட்டது. தட்டிவிட்டார்கள்.

விடிந்தபோது, தொழுவத்தை ஒட்டிய வேலியில் சிலந்திவலை ஆடியது. அதில் செவந்தி கிடந்தது. அவ்வளவு தூரம் வந்த பிள்ளைக்கு, இருட்டில் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் போயிருக்கிறது.

சொன்னபடி கரிச்சானும் வந்தது. "அக்கா, இந்தா உன் குரல்."

ஈ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீயே வெச்சுக்க தம்பி. இனிமே நான் யாரைக் கூப்பிட?"

அன்று முதல்தான் விடிந்ததும் கரிச்சான் பாடுகிறது, விளக்கு வைக்கும் நேரத்தில் நிறுத்திவிடுகிறது. ஈ இன்னும் நம் காதருகே வந்து கேட்கிறது. நாம் தட்டிவிடுகிறோம். அது தள்ளிப் போய் உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டே இருக்கிறது.