கருநூல் சுற்றிய நிருபம்

"தவறான நிருபத்தை வாசித்துவிட்டேன், அம்மா" என்றார் எல்கானா.

பெலாகியா மீனுக்கு உப்புத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எப்போது?"

"மூன்று மாதங்களுக்கு முன். இதே வீட்டில். சபையார் முன்னிலையில்."

எல்கானாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஜெப ஆலயத்தில் நியாயப்பிரமாணம் கற்பித்தவர். பெலாகியாவுக்கு முப்பது. உப்புமீன் விற்பவர், எழுத்தறியாதவர். துறைமுகச் சபை அவர் வீட்டில் கூடிற்று. அவரிடம் உபதேசம் பெற்றே எல்கானா ஞானஸ்நானம் அடைந்தார். இதில் அவர்கள் இருவரும் வியப்பு எதையும் காணவில்லை. ஊர்தான் கண்டது.

"தீவுச் சிறையிலிருந்து மூப்பர் எவாரிஸ்து இரண்டு நிருபங்களைக் கொடுத்தனுப்பினார். மலைச் சபைக்கு ஒன்று. உங்களுக்கு ஒன்று. மலைக்குரியதில் வெண்கம்பளி நூல். உங்களுடையதில் கருநூல். ஆற்றைக் கடக்கும்போது பை நனைந்தது. இரண்டு நூல்களும் நழுவிவிட்டன."

"மறுபடியும் சுற்றினீர்."

"சுற்றினேன். எது எவருக்கென்று எனக்கு நன்றாக நினைவிருந்தது."

"நன்றாக."

"நியாயப்பிரமாணத்தின் ஐந்து ஆகமங்களையும் பிழையின்றி ஒப்புவிப்பவன் நான், அம்மா."

பெலாகியா அடுத்த மீனை எடுத்தார்.

நிருபத்துக்குள் எந்த ஊரின் பெயரும் இல்லை. அது மூப்பரின் வழக்கம். ஒரு சபைக்கு எழுதியதை மறு சபையும் படியெடுக்கும். ஓர் ஊரின் வெட்கம் மற்றோர் ஊருக்குப் பயணப்படக் கூடாது என்பார் அவர். கொண்டுபோகிறவரும் சபை கூடிய பிறகே பிரித்து, சபையோடு சேர்ந்தே முதன்முறையாக அறிவார். நூலின் நிறம் ஒன்றுதான் அடையாளம்.

"மலைச் சபையில் நான் வாசித்தது பாராட்டு. இங்கே வாசித்தது கடிந்துரை."

"'உங்கள் மேசைக்குக் கடைசியாக வருகிறவருக்கு வெறும் தட்டை வைத்திருக்கிறீர்கள். வெறும் தட்டின் முன் நன்றி கூற யாரால் முடியும்?'" என்றார் பெலாகியா. எதையும் ஒருமுறை கேட்டாலே அவர் மனத்தில் நின்றுவிடும்.

"அதுதான். அது மலைக்கு உரியது. பாராட்டுத்தான் உங்களுக்கு உரியது. திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னேன். மூப்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். 'உம் கை செய்த பிழையை உம் வாயே திருத்தட்டும்' என்று அனுப்பிவிட்டார். மலைக்குப் போய்ப் பாராட்டைத் திரும்ப வாங்கிவந்திருக்கிறேன். கடிந்துரை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது."

"தந்தார்களா?"

"சுவரில் தொங்கவிடாத குறை. இரண்டு நாள் மன்றாடினேன்."

பெலாகியா சிரிக்கவில்லை. ஆனால் உப்பை அள்ளிய கை சற்று நின்றது.

"இப்போது உம் கேள்வி என்ன?"

"சொல்வதா, வேண்டாமா?"

"மூப்பர் சொல்லச் சொன்னாரே."

"சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கடிந்துரை கேட்ட நாள்முதல் உப்புக்களத்து அடிமைகள் வேலை முடிந்து வரும்வரை நீங்கள் அப்பம் பிட்பதில்லை என்று கேள்விப்பட்டேன். கிளேயோன்கூடக் காத்திருக்கிறாராம். கயிறு விற்கிற அந்தக் கிளேயோன்! அந்த நிருபம் உங்களுக்கு அல்ல என்றால் நாளைக்கே நிறுத்திவிடுவார்கள். அடிமைகள் மறுபடியும் பசியோடு போவார்கள்."

"அப்படியானால் சொல்ல வேண்டாம்."

"சொல்லாவிட்டால் நான் பொய்யன். சபைக்கு நிருபம் சுமக்கத் தகுதியற்றவன்."

"அப்படியானால் சொல்லும்."

எல்கானா குழம்பினார்.

"அம்மா, நீங்கள் இரண்டையும் சொல்கிறீர்கள்."

"நீரும் இரண்டையும்தான் சொன்னீர்."

அவர் உப்புக் கையை உதறினார்.

"உப்புக்களத்து அடிமைகளில் ஒருவர் பெயரைச் சொல்லும்."



"தெரியாது."

"போகட்டும். மலையில் பிந்தி வருகிறவருக்கு வெறும் தட்டு என்று சிறையில் இருக்கிற மூப்பருக்கு யார் சொன்னது?"

"நான்தான். போன வருடம் வழியில் பாறை சரிந்து, இருட்டிய பிறகு அங்கே போய்ச் சேர்ந்தேன். ஒரு துண்டு அப்பம் மிச்சமில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். பசியில் எனக்கு உறக்கமே வரவில்லை."

"எங்கள் மேசையைப் பற்றி அவருக்குச் சொன்னது?"

"அதுவும் நானே. கண்ணால் கண்டதைச் சொன்னேன். ஒருவர்கூட விடுபடாமல் உண்ணுகிறார்கள் என்றேன்."

"கண்ணால்."

"ஆம், அம்மா."

"பிறகு இங்கே கடிந்துரையை வாசித்தபோது, இது நான் சொன்னதற்கு மாறாக இருக்கிறதே என்று உமக்குத் தோன்றவில்லையா?"

"தோன்றிற்று. ஆவியானவர் மூப்பருக்கு நேரடியாக வெளிப்படுத்தினார் என்று எண்ணிக்கொண்டேன்."

பெலாகியா கடைசி மீனுக்கும் உப்பிட்டு முடித்தார். பிறகு கை கழுவப் போனார்.

*

பொழுது சாயும் வேளையில் சபையார் வரத் தொடங்கினர்.

எல்கானா வழக்கமான இடத்துக்குப் போனார். சாளரத்தின் அருகே, கடலைப் பார்த்த இருக்கை. விருந்தாளிக்கு உரியது. காற்று வரும்.

"இன்று அங்கே வேண்டாம்" என்றார் பெலாகியா. "இங்கே உட்காரும்."

அவர் காட்டியது வாசலுக்கு எதிரே ஒரு முக்காலி. காற்றும் இல்லை. கடலும் இல்லை.

பிழை செய்தவனுக்கு இதுதான் தண்டனை போலும் என்று எல்கானா அமர்ந்தார்.

மேசைமேல் அப்பங்கள் மூடப்பட்டிருந்தன. கிளேயோன் மூடியிருந்த துணியை ஒருமுறை பார்த்தார், வாசலை ஒருமுறை பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

எல்கானா எழுந்து நின்றார். சொல்லத் தகுந்த சொற்களைத் தேடினார். கிடைக்கவில்லை. உள்ளதைச் சொன்னார்.



கிளேயோன் தொடையைத் தட்டினார்.

"அடப் பாவி மனிதரே! மலைக்காரர்கள் செய்த பாவத்துக்கு என் வயிறு மூன்று மாதம் உபவாசம் இருந்ததா? அன்றைக்கு நான் அழுத அழுகை! என் மனைவிகூட நம்பிவிட்டாள்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்களுடையதை வாசியும், ஐயா. கேட்போம்."

எல்கானா சுருளைப் பிரித்தார்.

"'உங்கள் மேசையில் முந்தியவர் என்றும் பிந்தியவர் என்றும் எவரும் இல்லை. ஒருவர்கூட விடுபடாமல் உண்ணுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு என் விலங்கின் பாரம் எனக்குத் தெரியவில்லை.'"

"கேட்டீர்களா!" என்றார் கிளேயோன். "விலங்கின் பாரமே தெரியவில்லையாம். இது நிருபம்!"

அவர் அப்பத்தின் மேலிருந்த துணியை விலக்கினார்.

"இனிப் பொழுதோடு உண்ணலாம் அல்லவா?"

எல்கானா பெலாகியாவைப் பார்த்தார். அவர் தடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிளேயோனின் கை அப்பத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"ஒன்று புரியவில்லையே" என்றார் மெதுவாக. "இது எழுதி மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன்பும் நாம் காத்திருந்தோமா என்ன?"

 ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

"நான் காத்திருக்கவில்லை" என்றார் பெலாகியா.

"பிறகு மூப்பர் ஏன் இப்படி எழுதினார்?"

எல்கானாவுக்கும் அது விளங்கவில்லை. சுருளை மறுபடி பார்த்தார். கையெழுத்து மூப்பருடையதுதான்.

வாசல் திறந்தது.

உப்புக்களத்து அடிமைகள் மூவர் உள்ளே வந்தனர். முன்னால் வந்தவளின் விரல்கள் உப்பில் வெடித்திருந்தன. கூடியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு அவள் தயங்கினாள்.

"மன்னியுங்கள். இன்று இரண்டு கப்பல். கண்காணி விடவில்லை. உண்டு முடித்திருந்தால் பரவாயில்லை, பழகியதுதான்."

"உட்கார், மிர்த்தா" என்றார் பெலாகியா.

மிர்த்தா உட்கார்ந்தாள். எதிரே சுருளும் கையுமாக நின்ற எல்கானாவை ஏற இறங்கப் பார்த்தாள். பெலாகியாவின் பக்கம் சாய்ந்து கேட்டாள். உப்புக்களத்தில் கத்திப் பேசிப் பழகிய குரல். அறை முழுவதும் கேட்டது.

"இந்தப் பெரியவர் யார், அம்மா? ஊருக்குப் புதியவரா?"

"நிருபம் கொண்டுவருகிறவர். நான்கு வருடமாக நம் மேசையில் உண்ணுகிறார்."

"நானும் நான்கு வருடமாக வருகிறேனே! ஒருநாளும் பார்த்ததில்லையே."

"அவர் பொழுதோடு உண்டுவிட்டுச் சத்திரத்துக்குப் போய்விடுவார்."

"ஓ" என்றாள் மிர்த்தா.

கிளேயோன் அப்பத்திலிருந்து கையை எடுத்தார். தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

மிர்த்தா தட்டைத் தொடவில்லை. சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நமக்கா வந்திருக்கிறது? என்ன எழுதியிருக்கிறார்?"

"வாசியும், எல்கானாரே" என்றார் பெலாகியா. "அவள் இன்னும் கேட்கவில்லை."

எல்கானா சுருளைக் கண்ணருகே உயர்த்தினார். முதல் வரியைக் கண்டார். மிர்த்தாவைக் கண்டார்.

அந்த அறையில் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

சுருளைச் சுற்றி மேசைமேல் வைத்தார்.

"மற்றதைக் கொடுங்கள், அம்மா."

"அது மலைக்கு உரியது என்றீரே?"

"கொடுங்கள்" என்றார் எல்கானா.