அக்கா வந்தபோது ஓடிய டேப்

திருச்சி பாலக்கரையில் ரசியா பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலையைச் சொல்லியும் கொடுப்பார். ஆரோக்கியதாஸ் அவரிடம் கற்றுக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவர் ரசியாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

சிறு வயதில் வீட்டு டி.வி.யில் மாட்டி விளையாடிய கம்ப்யூட்டரை ஆரோக்கியதாஸ் தன் கையாலேயே உயிர்ப்பித்துவிட்டார். கேசட் டேப் பல நிமிடம் கிறீச்சிட்டு ஓடி முடிந்தால்தான் அதில் விளையாட்டு திறக்கும். அதன்பின் ஆசை அடங்கவில்லை.

"டீச்சர், மெமரி கூட்டலாம். டேப்புக்குப் பதிலா கார்டு போடலாம், விளையாட்டு உடனே திறந்துடும். புது டி.வி.க்கு ஏத்த மாதிரி படத்தையும் மாத்தலாம். எதுவரைக்கும் போகலாம்?"

"யாருக்காக இதெல்லாம்?"

"கனடாவுல இருந்து செலின் அக்கா வருது. நாங்க ரெண்டு பேரும் விளையாடின மெஷின் இது."

"அடாப்டரை மாத்துங்க. பழசு போர்டையே எரிச்சிடும். மத்ததை அக்கா வந்தப்புறம் பார்ப்போம்."

ஆரோக்கியதாஸ் தலையாட்டினார். அடாப்டரை மாற்றினார். கை சும்மா இருக்கவில்லை, கார்டையும் மாட்டிவிட்டார்.

அக்கா வந்தாள். பட்டனைத் தட்டியதும் விளையாட்டு திறந்தது. கொஞ்ச நேரம் ஆடினாள். "நல்லா இருக்குடா" என்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள்.

மறுநாள் ஆரோக்கியதாஸ் ரசியாவிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கார்டு மாட்டியதையும் சொன்னார். ரசியா கோபிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டரை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அன்று மாலை வீட்டில், கம்ப்யூட்டரோடு இணைத்த அந்த ரிக்கார்டரில் பழைய விளையாட்டு டேப் கிறீச்சிட ஆரம்பித்தது. சமையலறையிலிருந்து அக்கா ஓடி வந்தாள்.

"டேய் தாஸு, நடக்காதடா! அதிர்ந்தா நின்னுடும்!"

"அது நீ கட்டிவிட்ட கதை. என்னை அசையாம உட்கார வைக்க."

"தெரியுமா உனக்கு?"

"அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்டா அசையாம உட்கார்ந்த?"

"நீ பக்கத்துல உட்கார்ந்து கதை சொல்லுவியே, அதுக்குத்தான்."

அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பாதியில் டேப் நின்றது. இருவரும் தலையில் கை வைத்தார்கள், சிரித்தார்கள், மறுபடி போட்டார்கள். மறுபடியும் நின்றது. டொராண்டோ பனியில் தனியாகக் கார் ஓட்டப் பயந்த கதையை அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னாள். இட்லி மாவு பொங்கி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அக்கா ஊருக்குப் போன பிறகு ஆரோக்கியதாஸ் ரசியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"கடைசியில விளையாட்டு திறந்துச்சா?"

"இல்ல டீச்சர். அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு அக்கா சொல்லிட்டுப் போச்சு." கொஞ்சம் தயங்கினார். "அப்ப கார்டைக் கழட்டிடட்டுமா?"

"எதுக்கு? தனியா ஆடறப்போ கார்டு இருக்கட்டும்," என்றார் ரசியா. "ஆள் வந்தா டேப்பைப் போடுங்க."